திண்டிவனம் பக்கம் மண் வீடு கட்டலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். பாட்டியின் பழைய மண் வீடு 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதே மனையில் 500 சதுர அடியில் மண்ணாலேயே புதிதாகக் கட்ட ஆசை. கையில் ஆறு லட்சம் ரூபாய் அளவில் இருக்கிறது. 'இந்தக் காலத்தில் போய் மண் வீடா' என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். மழைக்குத் தாங்குமா, கரையான் அரிக்குமா, உண்மையிலேயே செலவு குறையுமா?

கட்டலாம். ஆனால் சுவரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், பாட்டி வீடு ஏன் விழுந்தது என்று பார்த்துவிடுவோம். புது வீட்டுக்குத் தேவையான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

அந்தச் சுவர் ஐம்பது அறுபது வருடம் நின்றிருக்கும். அத்தனை வருடமும் மழை பெய்யாமலா இருந்தது? நான் பார்த்த இடிந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கதை ஒன்றுதான். வீடு கட்டிய காலத்தில் தெரு தாழ்வாக இருந்தது, வாசலில் இரண்டு படி இருந்தது. பிறகு மெட்டல் ரோடு வந்தது, அதன் மேல் தார் ரோடு, அதற்கும் மேல் சிமென்ட் ரோடு. ஒவ்வொரு முறையும் தெரு நாலு விரல், ஆறு விரல் உயர்ந்தது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. இன்றைக்குத் தெருத் தண்ணீர் நேராகச் சுவரின் காலில் வந்து நிற்கிறது. இன்னொரு மாற்றமும் நடந்திருக்கும். கீற்றுக் கூரையைப் பிரித்துவிட்டு ஷீட் போட்டிருப்பார்கள். பழைய கீற்று சுவரைத் தாண்டி மூன்றடி நீட்டிக்கொண்டு இருந்தது. ஷீட் காசு கொடுத்து வாங்குவது, அதனால் ஒரு சாணில் நிறுத்திவிட்டார்கள். மேலே வழியும் தண்ணீர் சுவரிலேயே இறங்கியது.

மண் சுவர் மழை பட்டதும் வெல்லம் மாதிரி கரைந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மேல்பரப்பு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கழுவிக்கொண்டு போவது உண்மைதான், பூசினால் சரியாகிவிடும். சுவர் விழுவது அதனால் இல்லை. காய்ந்த மண் நல்ல பாரம் தாங்கும். அதே மண் ஊறினால் அந்த வலு போய்விடும். நாலைந்து நாள் தண்ணீரில் நின்ற சுவரின் அடி ஒரு முழம் ஊறி, மேல் பாரம் தாங்காமல் பிதுங்கி உட்காரும். மழை நின்ற மறுநாள், வெயில் வந்த பிறகு விழும் சுவர்கள் இப்படித்தான் விழுகின்றன. உங்கள் வீட்டில் சரிந்த பக்கத்தைப் போய்ப் பாருங்கள். அடியில் பிதுங்கியிருந்தால் தெருத் தண்ணீர் காரணம், மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தால் கூரை காரணம்.

ஆக, உங்கள் ஆறு லட்சத்தில் கை தாராளமாக இருக்க வேண்டியது அடித்தளத்துக்கும் கூரைக்கும். மண்ணை நம்பிச் சிக்கனம் செய்ய வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரில்.

அடித்தளத்தில் மண் வேண்டாம். உங்கள் பக்கம் கருங்கல் குவாரிகள் இருக்கின்றன, அதனால் கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. வாணம் தோண்டி, கருங்கல்லைச் சிமென்ட் கலவையில் கட்டி மேலே கொண்டு வாருங்கள். எவ்வளவு உயரம்? ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது உங்கள் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் உங்கள் தெருவில் எது வரைக்கும் ஏறியது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் கறை இருக்கும். அதற்கு மேல் ஓர் அடி வையுங்கள். கறை இல்லை என்றாலும் இன்றைய ரோட்டு மட்டத்திலிருந்து இரண்டடிக்குக் குறைய வேண்டாம், ரோடு இனியும் உயரும். கல் கட்டின் தலையில் சுற்றிலும் கம்பி போட்ட பெல்ட் கான்கிரீட் ஒன்று ஓட வேண்டும். தரையின் ஈரம் மேலே ஏறாமல் தடுப்பதும், மூலைகளைச் சேர்த்துப் பிடிப்பதும் அதன் வேலை. வீட்டைச் சுற்றி இரண்டு மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாக ஒரு தளம் போட்டுவிட்டால் இறவாரத் தண்ணீர் காலடியில் குழி பறிக்காது.

கரையானுக்கும் இதுவே பெரும்பாலான பதில். கரையான் மண்ணைத் தின்னாது. மண் வழியாக ஏறிக் கதவுச் சட்டத்தையும் கைமரத்தையும் தேடிப் போகிறது. இரண்டடிக் கல்லும் அதன் மேல் கான்கிரீட்டும் இருந்தால், அது வெளிப்பக்கமாகப் புற்றுக்குழல் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். கண்ணில் பட்டதும் தட்டிவிடலாம். சுவரை ஒட்டி விறகும் எருமுட்டையும் அடுக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும். எலியும் அப்படித்தான். மண் தரையைக் குடையும், கல் கட்டைக் குடையாது.

கூரைக்கு வருவோம். உங்கள் ஊருக்கு ஓடுதான் என் முதல் தேர்வு. பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் சீமை ஓடும் தேக்கு, பனைச் சட்டங்களும் பாதி விலைக்குள் கிடைக்கும். தட்டிப் பார்த்து, கணீர் என்ற சத்தம் வரும் ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டரை அடியாவது நீள வேண்டும். வடகிழக்குப் பருவமழை வாடைக் காற்றோடு சாய்ந்து அடிக்கும் ஊர் உங்களுடையது. வடக்கும் கிழக்கும்தான் அதிகம் நனையும் சுவர்கள். அந்தப் பக்கம் திண்ணையோடு ஒரு தாழ்வாரம் இறக்கிவிட்டால், சுவருக்குக் குடை பிடித்தது போலவும் ஆயிற்று, உட்கார நிழலும் ஆயிற்று. பழைய வீடுகளில் திண்ணை வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஓட்டுக் கூரைக்குப் புயல்தான் எதிரி. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோது ஓடுகள் பறந்ததை உங்கள் பக்கத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். சுவரின் தலையில் இன்னொரு பெல்ட் ஓட்டி, கான்கிரீட் போடும்போதே கம்பியையோ போல்ட்டையோ புதைத்து, உத்திரத்தையும் கைமரத்தையும் அதில் பூட்ட வேண்டும். இறவாரத்தின் கடைசி இரண்டு வரி ஓட்டையும் மோட்டு ஓட்டையும் கலவை வைத்துப் பிடிக்க வேண்டும். இதற்கு ஆகும் காசு சிறிது, ஆனால் பெரும்பாலான கொத்தனார்கள் கேட்டால்தான் செய்வார்கள்.

ஓடு வேண்டாம், மாடி வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால் நிரப்பித் தளம் இருக்கிறது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதி பாரம் தாங்குவதில் பெரிதாக உதவுவதில்லை. கம்பிகளுக்கு நடுவே அந்த இடத்தில் பழைய ஓடுகளைக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் குறைகிறது, எடை குறைகிறது, ஓட்டுக்குள் அடைபட்ட காற்று வெக்கையையும் கொஞ்சம் தடுக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் எத்தனையோ எளிய வீடுகளுக்கு இதைச் செய்தார். கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளில்தான் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதை அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எது செய்தாலும் சரி, மண் சுவர் கட்டிவிட்டு மேலே ஷீட் மட்டும் போட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் ஷீட்டுக்குக் கீழே சுவர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தும் பிரயோசனமில்லை.

இப்போது மண். உங்கள் பகுதியில் பெரும்பாலும் செம்மண், இடையிடையே கரிசலும் களிமண்ணும். மனைக்கு மனை மாறும், அதனால் ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் சோதித்துப் பாருங்கள். மேல் ஓர் அடி மண்ணை ஒதுக்கிவிடுங்கள். அதில் வேரும் மக்கும் இருக்கும், செடிக்கு நல்லது, சுவருக்கு ஆகாது. அதற்குக் கீழே உள்ள மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். கல்லும் மணலும் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் அரை மணி நேரத்தில் மேலே உட்காரும். களி படிய ஒரு நாள்கூட ஆகும். மண்ணை எந்திரத்தில் அழுத்திச் செய்யும் கல்லுக்கு நூற்றில் 15 பங்கு சிறு கல், 50 மணல், 15 வண்டல், 20 களி என்பது நல்ல கலவை. அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தால் போதும்.

பிறகு கையால் ஒரு சோதனை. ஈரமண்ணை விரல் கனத்துக்குத் திரித்து, மேசை விளிம்பிலிருந்து மெல்ல வெளியே தள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்குள் உடைந்து விழுந்தால் மணல் அதிகம். ஆறு அங்குலம் தாண்டியும் தொங்கினால் களி அதிகம். நடுவில் உடைந்தால் உங்கள் மண் நல்ல மண். களி அதிகமென்றால் மணலோ கிரஷர் தூளோ கலக்கலாம். மண் முழுக்கக் கரிசலாக இருந்தால் சிமென்ட் அதோடு சரியாகச் சேராது, சுண்ணாம்புதான் அதற்குப் பொருத்தம். அந்த நிலையில் பக்கத்திலிருந்து செம்மண் வாங்குவது தலைவலியைக் குறைக்கும். ஏரியில் அள்ளிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

உங்கள் மழைக்கு வெளிச்சுவரை அழுத்திய மண் கல்லில் கட்டச் சொல்வேன். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து, கை எந்திரத்தில் அழுத்தி எடுக்கும் கல், சூளை கிடையாது. கொலம்பியாவில் 1950களில் ராமிரெஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய சின்வா-ராம் எந்திரம்தான் இதற்கு மூதாதை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா குழு இதை நம் ஊர் மண்ணுக்கு ஏற்ப வளர்த்தது. உங்களுக்கு இன்னும் வசதி, ஆரோவில் மண் கட்டடக் கழகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1989 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள், கொத்தனார்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தடுக்கும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஆரோவிலில் பார்வையாளர் மையத்தின் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக எத்தனையோ ஐப்பசி மழையைப் பார்த்த சுவர் அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20க்கு 25 அடி வீடு, வெளிச்சுவர் 90 அடி, உள்சுவர் 40 அடி, உயரம் 10 அடி. கதவு சன்னல் கழித்தால் 1,100 சதுர அடிச் சுவர். 24 செ.மீ. சதுரமும் 9 செ.மீ. கனமும் உள்ள அழுத்திய கல்லிலேயே உள்சுவரையும் சேர்த்துக் கட்டினால் ஏறக்குறைய 4,100 கல். ஒரு கல் பத்துக் கிலோ. அதில் சிமென்ட் அரைக் கிலோ. அதாவது ஒரு மூட்டைக்கு நூறு கல், மொத்தம் 41 மூட்டை, சேதாரத்தோடு 45. மண் பத்து யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) அளவுக்கு வேண்டும். ஒதுக்கும் மேல் ஓர் அடி போக, இருபதுக்குப் பத்து அடியில் நாலரை அடி ஆழக் குழி ஒன்று. மனையின் பின்பக்கம், வீட்டிலிருந்து தள்ளி, மழைநீர்க் குட்டையாக அதைத் திட்டமிட்டுத் தோண்டினால் மண்ணுக்குச் செலவு தோண்டும் கூலி மட்டும்தான்.

கல் போடுவதில் பெரும்பாலோர் தவறுவது ஈரத்திலும் ஆறவைப்பதிலும். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கை நனையக் கூடாது. நெஞ்சு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். தூளாகச் சிதறினால் தண்ணீர் போதாது, உடையாமல் சப்பையானால் அதிகம். சிமென்ட் சேர்த்த கலவையை அரை மணி நேரத்துக்குள் அழுத்தி முடிக்க வேண்டும், அதனால் சிறு சிறு கலவையாகப் போடுங்கள். முதல் இரண்டு நாள் கல்லைத் தார்ப்பாயால் மூடி நிழலில் வையுங்கள். பிறகு நாலு வாரம் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் எடுத்துக் கட்டிவிடலாம் என்று அவசரப்பட்டவர்களின் கல்தான் மூலை உதிர்ந்து, 'மண் கல் சரியில்லை' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. மாதிரிக்குப் பத்துக் கல்லை அரசுப் பொறியியல் கல்லூரி எதிலாவது கொடுத்து, இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1725படி ஈரத்தில் ஊறவைத்துச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். காய்ந்த கல்லின் வலுவைச் சொல்லும் சான்றிதழ் உங்கள் மழைக்கு உதவாது.

உள்சுவருக்குச் சிமென்ட்கூடத் தேவையில்லை. மழை படாத இடம், அச்சில் அறுத்து வெயிலில் காயவைத்த பச்சைக்கல் போதும். குளியலறை, கழிப்பறை, சமையலறைத் தொட்டிப் பக்கம் மூன்றையும் மட்டும் சுட்ட செங்கல்லில் சிமென்ட் வைத்துக் கட்டிவிடுங்கள். மண் மேல் உள்ள பற்றில் அங்கேயும் மண்ணைத் திணித்தால் குழாய் ஒன்று கசிந்தாலே போதும், வம்பு வந்துவிடும்.

பூச்சில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், ஒரு மண் சுவர் வீட்டுக்கு வெளியே சிமென்ட் பூச்சு வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். பலமாக இருக்கட்டுமே என்று நானும் ஒத்துக்கொண்டேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வந்தது. மண் ஈரத்தை வாங்கும், விடும். சிமென்ட் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடுவதில்லை. விரிசல் வழியாகப் போன தண்ணீர் உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னால் சுவரைச் சேறாக்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் இன்னும் மோசம். அந்த மனிதரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு மண்ணுக்குமேல் மண் பூச்சும் சுண்ணாம்பும் தவிர வேறெதையும் நான் போட்டதில்லை. களிமண், மணல், நெல் உமி அல்லது நறுக்கிய வைக்கோல், சாணம் எல்லாம் சேர்த்துச் சில நாள் புளிக்க வைத்து, மிதித்துப் பூச வேண்டும். காய்ந்ததும் சுண்ணாம்பு அடிக்கலாம். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும் பழக்கம் அழகுக்கு மட்டும் வந்ததில்லை, வருடம் ஒருமுறை விரிசல் பார்த்து அடைக்கும் வேலை அதோடு சேர்ந்தே நடந்தது. அழுத்திய கல் சுவருக்கு வெளிப்பூச்சே தேவையில்லை, இடுக்குகளை நன்றாகத் தேய்த்து விட்டால் போதும்.

குளிர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம். கனமான மண் சுவர் வெயிலின் சூட்டை உடனே உள்ளே விடாது, பல மணி நேரம் தள்ளிப்போடும். பகலில் கொதித்து இரவில் குளிரும் உள்நாட்டு ஊர்களில் இது அருமையாக வேலை செய்யும். உங்கள் ஊர் கடலுக்குப் பக்கம், இரவிலும் புழுக்கம் இருக்கும். ஆகவே சுவரின் கனத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். வீட்டின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், எதிரெதிரே சன்னல் வையுங்கள். மேற்குச் சுவரில் சன்னலைக் குறைத்து அந்தப் பக்கம் வேப்ப மரமோ முருங்கையோ வையுங்கள். மோட்டுக்குக் கீழே சூடான காற்று வெளியேற வழி விடுங்கள்.

வலுவுக்குச் சில விதிகள், மண் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13827இல் உள்ளவை. சுவரின் உயரம் அதன் கனத்தைப் போல் எட்டு மடங்கைத் தாண்டக் கூடாது. சன்னல், கதவு எதுவும் நாலடிக்கு மேல் அகலமாக வேண்டாம். மூலையிலிருந்து நாலடி தள்ளித்தான் திறப்பு தொடங்க வேண்டும். இது முக்கியமாகச் சிமென்ட் சேராத மண் சுவர்களுக்கு. உங்கள் பச்சைக்கல் சுவர்களை இதற்குள்ளேயே அடக்குங்கள். அழுத்திய கல் இன்னும் மெலிதாகக் கட்டத் தாங்கும். 1993இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தது, மண் கலவையில் கட்டிய கனத்த கல் சுவர்களும் பெரும் பாரமான மண் கூரைகளும் சேர்ந்து சரிந்ததில். நம் பகுதியில் அந்த அளவு நிலநடுக்க ஆபத்து இல்லை. ஆனாலும் பெல்ட் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

செலவு குறையுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இது. சுவர் என்பது வீட்டுச் செலவில் ஒரு பங்குதான். அஸ்திவாரம், கூரை, கதவு, கழிப்பறை, மின்சாரம் எதுவும் மண்ணால் மலிவாகாது. சொந்த மனை மண், வீட்டு ஆட்களின் உழைப்பு, பழைய ஓடு, பழைய மரம் இந்த நான்கும் சேர்ந்தால் நன்றாகவே குறையும். ஏழெட்டுப் பேர் நின்றால் ஒரு நாளில் ஐந்நூறு கல்லாவது போடலாம், பத்து நாள் வேலை. மாறாக, கல்லை லாரியில் வெளியூரிலிருந்து வரவழைத்து, இயற்கை வீடு என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒப்பந்தத்துக்குக் கொடுத்தால், சாதாரணச் செங்கல் வீட்டைவிட அதிகம்கூட ஆகும். அப்படி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு உங்கள் ஊர் ஆட்களின் கூலியாகப் போகிறது என்று பாருங்கள். அது பெரும்பங்காக இருந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

அரசுத் திட்டத்தில் சேர எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.2 லட்சம் என்று உதவி உண்டு. ஆனால் சுவரும் கூரையும் எதில் இருக்க வேண்டும் என்று விதிகள் இருக்கும். வாணம் தோண்டும் முன்பே ஒன்றிய அலுவலகப் பொறியாளரிடம் கல்லின் சோதனை முடிவைக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அரை வீடு எழும்பிய பிறகு தவணை நின்றால் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

தை பிறந்ததும் மண் தோண்டத் தொடங்குங்கள். மாசியில் கல் போட்டு, அது ஆறும் நேரத்தில் அடித்தளம் கட்டுங்கள். சித்திரை, வைகாசியில் சுவர். ஆடிக்குள் ஓடு ஏறிவிட்டால் ஐப்பசி மழைக்கு முன் பூச்சு காய நேரம் கிடைக்கும்.

அப்புறம், பாட்டி வீட்டை இடிக்கும்போது அந்தச் சுவர் மண்ணை டிப்பரில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். அடியில் உப்புப் பூத்துப் பொரிந்திருக்கும் இரண்டடியை மட்டும் தள்ளிவிட்டு, மேலே உள்ளதை உடைத்துச் சலித்து ஊறவையுங்கள். சிமென்ட் சேராத மண் எத்தனை வருடம் ஆனாலும் மறுபடி மண்தான். உங்கள் உள்சுவர்ப் பச்சைக்கல்லுக்கு அதைவிடப் பழகிய மண் வேறு கிடைக்காது.